தும்பி

அப்பா தச்சர். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர். சுற்றியிருந்த தோட்டங்களில் கலப்பை, நுகத்தடி, வண்டி, கமலை எல்லாம் அவர் கைபட்டவைதான். நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்ததையெல்லாம் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறேன். கலப்பை ஒரு வாரத்தில் முடிந்தது. மாட்டு வண்டிக்கு இரண்டு மாதம். கமலைதான் ஒன்றரை வருஷம் என்னைச் சுற்ற விட்டது.

கமலையை (கொங்குநாட்டில் கவலை என்பார்கள்) பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் இரண்டு தூண், நடுவே ஓர் உருளை. அதன் மேல் ஓடும் தடித்த வடத்தில் தகரக் கூனை தொங்கும். கூனையின் அடியில் தோலில் தைத்த நீளக் குழாய். அதுதான் தும்பி. தும்பியின் வாயில் கட்டிய மெல்லிய வால்கயிறு, கிணற்று விளிம்போடு கிடக்கும் இன்னோர் உருளை மேல் வரும். இரண்டு கயிறும் நுகத்தடியில் சேரும். மாடுகள் சரிவான வாரியில் இறங்கி இழுக்க, ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் சேர்த்துக் கொடுப்பார். பிறகு மாடுகள் பின்னோக்கியே மேடேறும்.

சூட்சுமம் வால்கயிற்றின் நீளத்தில் இருக்கிறது. கூனை ஏறும்போது தும்பி மேல்நோக்கி மடங்கி, அதன் வாய் கூனையின் வாய்க்குச் சமமாக நிற்க வேண்டும். மேலே வந்ததும் கூனை உயர உருளைக்குப் போகும். தும்பி மட்டும் கீழ் உருளை வழியாகத் தொட்டிக்குள் இழுபட்டு நிமிரும். ஆள் கைவைக்காமலே தண்ணீர் கொட்டிவிடும். என் மாதிரியில் வால்கயிறு கால் அங்குலம் நீண்டுபோனதற்கே தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்குள் திரும்பிப் போயிற்று. கிணறு என்றால் பெயின்ட் டப்பா.

இந்தத் தோல் விஷயத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஆல்பிரட் சாட்டர்டன், சென்னை மாகாணத்தின் தொழில்துறையைப் பார்த்தவர். தண்ணீரில் ஊறி ஊறி வழக்கமான தோல் சீக்கிரம் இற்றுப்போகிறதே என்று, 1900களின் தொடக்கத்தில் குரோம் முறையில் பதனிட்ட தோலைக் கவலைக்குப் பழக்கிப் பார்த்தார். அதே ஆள்தான் எண்ணெய் இன்ஜின் வைத்துப் பம்பு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு ஊர் ஊராகச் சொன்னவரும். ஒரு கையால் தும்பிக்கு ஆயுளைக் கூட்டி, மறு கையால் அதற்குக் குழி வெட்டியிருக்கிறார்! அப்புறம் 1944இல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்குக் கம்பி வந்து சேர 1967 ஆயிற்று. அந்த வருஷமே அப்பா செய்த உருளை ஒன்று மாட்டுத்தொழுவத்தில் முட்டுக்கட்டையாகக் கிடந்தது.

பூவரசில் உருளை கடைந்தேன். கூனை பழைய டின்னில் வெட்டியது. நூறு லிட்டர் கூனை அடிக்கு ஓர் அங்குலக் கணக்கில் 58 மில்லிதான் பிடிக்கும். ஒரு சின்ன மருந்து பாட்டில் அளவு. மரமும் தகரமும் சொன்னபடி கேட்டன. தோல் கேட்கவில்லை. எருமைத்தோலை எவ்வளவு சீவினாலும் விறைத்து நின்றது. ஆட்டுத்தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தைத்தால் தையல்வழி ஒழுகியது.

அப்போதுதான் உறைத்தது. கமலை யார் செய்தது என்று கேட்டால் ஊரில் அப்பா பெயரைத்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். தும்பி தைத்தவர்கள் அருந்ததியர். அப்பாவுக்கும் அவர்களுக்கும் ஒரே களத்தில்தான் தானியம் அளந்தார்கள். ஆனால் அப்பா களத்துக்குள் நின்று வாங்குவார், அவர்கள் எட்ட நிற்க வேண்டும்.

தும்பி தைத்த ஒருவர் இன்னும் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். தேடிப் போய், “ஐயா, இது ஒழுகுது” என்று நீட்டினேன். ஐயா என்றதற்கு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தும்பியை வாயில் வைத்து ஊதினார். காது பக்கம் பிடித்துக் காற்று எங்கே சீறுகிறது என்று கேட்டார்.

“தையல் ஓட்டையை ஏன் ஊசியால போட்டீக? ஊசி துளைச்சா தண்ணி வரும். குத்தூசியில கிழிச்ச மாதிரி போடணும். ஊறினதும் தோலே மூடிக்கிடும்.”

மறுநாள் என் வீட்டுக்கே வந்து, விளக்கடியில் உட்கார்ந்து, வாரை விளக்கெண்ணெயில் தோய்த்து அவரே தைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. டீ ஆறிப்போனது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுப் போனார்.

காலையில் கட்டி இழுத்தோம். தும்பி மடங்கி ஏறியது, விளிம்பில் நிமிர்ந்தது, தொட்டியில் கொட்டியது. “மாடு எங்க?” என்றார். மாடு செய்ய எனக்கு வராது என்றேன். நுகத்தடியைத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். “ஒண்ணு... ரெண்டு...” என்று சால் கணக்கு எண்ணிக்கொண்டே இறைத்தார். பதினெட்டாவது சாலில் தொட்டி நிறைந்து மேசையெல்லாம் ஓடியது. அப்புறமும் நிறுத்தவில்லை.