பார்த்த நாட்கள்

ஜெர்மனியில் டெசாவ் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஹைன்ரிக் ஷ்வாபே, புதனுக்கும் உள்ளே ஒரு கிரகம் சுற்றுகிறதா என்று தேடினார். அது சூரியனைக் கடந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும்; கரும்புள்ளிகளோடு குழம்பிவிடக் கூடாதே என்று வானம் வெளுத்த நாளெல்லாம் புள்ளிகளைக் குறித்துவைத்தார். கிரகம் அகப்படவில்லை. 1829இல் கடையை விற்றுவிட்டு வானமே கதியென்று இருந்துவிட்டார்.

1826இல் தொடங்கும் அவருடைய அட்டவணையில் என் மனசுக்கு நெருக்கமானது, பார்த்த நாட்களின் எண்ணிக்கைக்கென்று அவர் தனியாக ஒதுக்கிய பத்தி. 1833இல் 267 நாள் பார்த்திருக்கிறார். 33 புள்ளிக் கூட்டங்கள், 139 நாள் சூரியன் வெறுமை. 1837இல் மேகம் வழிவிட்டது 168 நாள்தான், கூட்டங்களோ 333. பார்த்த நாள் குறைந்தும் கணக்கு பத்து மடங்கு ஏறியிருக்கிறது. அந்தப் பத்தி மட்டும் இல்லையென்றால், ஏற்ற இறக்கமெல்லாம் மேகத்தின் வேலை என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம். சுமார் பத்தாண்டுச் சுழற்சி என்று அவர் சொன்னதற்கு அதுதான் காவல்.

பெர்னில் இருந்த ருடால்ஃப் வோல்ஃப் இந்தக் கணக்கைப் பின்னோக்கி நீட்டினார். கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்டி, பார்ப்பவருக்கும் தொலைநோக்கிக்கும் ஏற்ற ஒரு குணகத்தால் பெருக்குவது 1848இல் அவர் வகுத்த வழி. பழைய குறிப்பேடுகளையெல்லாம் தேடிப்பிடித்து, 1749 வரை மாதச் சராசரியும் 1700 வரை ஆண்டுச் சராசரியும் கொடுத்தார். அசாத்தியமான உழைப்பு. ஆனால் 1749இலிருந்து அவருக்குக் கைகொடுத்த நியூரம்பர்க் ஸ்டவுடாஹர், ஏறக்குறைய அரை நூற்றாண்டில் சூரியனை வரைந்துவைத்தது சுமார் 1000 நாட்களுக்குத்தான். சில மாதங்களுக்கு ஓரிரு படம், சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. இடைவெளிகளை மதிப்பிட்டுத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அச்சேறிய வரிசையிலோ எல்லா மாதமும் ஒரே தோரணையில் நிற்கிறது.

நாள் எத்தனை என்பதோடு அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பதும் முக்கியம். பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் ஒருமுறை சுழலச் சுமார் 27 நாள் ஆகிறது. அடுத்தடுத்த மூன்று நாள் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே முகத்தைத்தான் எண்ணுகிறோம். பத்து நாளுக்கொரு தடவை பார்த்தால் முழுச் சூரியனும் கணக்கில் வந்துவிடும். இரண்டையும் மூன்றால் வகுத்து மாதச் சராசரி என்றே எழுதுகிறோம். சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து எண்ணும் எனக்கு ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சங்கடம் நன்றாகவே தெரியும். 1904 முதல் சூரியனைப் படமெடுத்துவரும் கோடைக்கானலுக்கும் மழைமேகம் விலக்கு அளிப்பதில்லை. ஆண்டுச் சராசரியிலும் இதே சிக்கல்தான்: எல்லா நாளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், வெயில் மாதங்களின் குரலே ஓங்கும். முதலில் மாதவாரியாகச் சராசரி எடுத்து, பிறகு அந்தப் பன்னிரண்டையும் சேர்ப்பதே நியாயம் என்பது என் கட்சி.

இந்த இடைவெளிகளுக்குள் ஒரு சுழற்சியே ஒளிந்திருக்கலாம். 1784 வாக்கில் தொடங்கிய சுழற்சி பதினான்கு ஆண்டை நெருங்குகிறது, வழக்கமோ பதினொன்று. 1790களில் பார்த்தவர்களும் சொற்பம். அது உண்மையில் இரண்டு சுழற்சிகள், நடுவிலிருந்த பள்ளம் சராசரியில் தூர்ந்துபோனது என்று 2001இல் இல்யா உசோஸ்கினும் உடனிருந்தவர்களும் வாதிட்டார்கள். 2009இல் அவர்கள் ஸ்டவுடாஹரின் ஓவியங்களையே எடுத்துக்காட்டினார்கள். புதுச் சுழற்சியின் முதல் புள்ளிகள் சூரிய நடுக்கோட்டிலிருந்து தள்ளித்தான் முளைக்கும்; 1793 முதல் 1796 வரையிலான படங்களில் அப்படிப்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. சண்டை தொடர்கிறது, கையில் அதே சில படங்களை வைத்துக்கொண்டு.