மலையக ஆசிரியர்களுக்கான அரச நிதியுதவி

இலங்கையின் நுவரெலியா, அட்டன் முதலான மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் ஆசிரியராகப் பயில்வோருக்கும் ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கும் கிடைத்துவந்த மானியம், பயிற்சிக்காலக் கொடுப்பனவு, புலமைப்பரிசில், கடன் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. பள்ளிக்கும் பதவிக்கும் பணம் ஒதுக்கிய அரசு, அந்தப் பதவிக்காகப் பயிலும் இளைஞர் அதுவரை எதை வைத்துச் சாப்பிடுவார் என்று பெரும்பாலும் கேட்கவில்லை. அந்தச் செலவு தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளின் தலையில் விழுந்தது. உதவித் திட்டங்கள் வென்றதையும் தோற்றதையும் விளக்க இந்த ஒரு கேள்வியே போதுமானது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டன. அரச மானியம் நிர்வாகத்தின் கைக்கே போனது. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது தோட்ட நிர்வாகியான துரையின் பொறுப்பு. சம்பளம் சொற்பம், பயிற்சி அரிது, பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தேசிய அமைப்புக்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதால், படித்தவருக்கும் அரச ஆசிரியர் நியமனம் எட்டாக்கனியானது. இந்திய அரசின் ஆதரவுடன் 1947இல் உருவான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கியது. ஆனால் படிப்பின் முடிவில் நியமனம் இல்லாதவரை, எந்தப் புலமைப்பரிசிலும் ஆசிரியர்களை உருவாக்கிவிட முடியாது.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனமான சீடா தோட்டப் பள்ளிகளின் மேம்பாட்டுக்கு நிதி வழங்கியது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. உயர்தரம் சித்தியடைந்தவர் அங்கே ஈராண்டு தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டைப் பள்ளியில் கட்டுறுபயிற்சியாகக் கழித்து, ஆசிரியராக வெளியேறினார். கல்விக் கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு, மாதக் கொடுப்பனவும் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் கூலியை எதிர்பார்க்காமல் ஆசிரியராக முடியும் என்பதை இக்கல்லூரி நடைமுறையில் நிறுவியது. ஆனால் இருந்த இடங்களை விடத் தேவை மிகப் பெரிதாக இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப 2014இல் விண்ணப்பம் கோரப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் சுமார் 3,000 பேர் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு, பயிற்சி பெற்றபடியே கற்பிக்கும் ஆசிரியர் உதவியாளர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய். பின்னர் அது 10,000 ஆனது. தோட்டக் கூலியை நிர்ணயித்த 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளி வருகைக் கொடுப்பனவு உட்பட ஒரு நாளில் பெறக்கூடியது 620 ரூபாய். ஆக, வகுப்பில் நின்று கற்பித்தவரின் மாத வருமானம் பத்து நாள் தோட்டக் கூலியைக்கூட எட்டவில்லை. 2016இன் ஒப்பந்தம் நாட்கூலியை 730 ரூபாயாக்கியபின், உயர்த்தப்பட்ட 10,000 ரூபாயும் ஏறத்தாழப் பதினான்கு நாள் கூலியாகவே இருந்தது. பஸ் செலவு, உடை, வீட்டை விட்டுத் தொலைவில் நியமனம் பெற்றவருக்கு அறை வாடகை, பயிற்சிக் கலாசாலைச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காத மீதியைக் கடனால்தான் நிரப்ப முடியும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. இருக்கும் நிதியில் அதிகம் பேரைச் சேர்க்க முடிந்தது, பயிற்சி முடிந்ததும் நிரந்தரச் சேவை காத்திருந்தது என்பது முதலாவது. பல ஆண்டுகளாக ஆசிரியர் இல்லாதிருந்த வகுப்புகளுக்கு ஆசிரியர் வந்ததும் உண்மைதான். ஆனால் இவர்கள் பயிலும் காலத்திலேயே முழு வகுப்புகளையும் பொறுப்பேற்றுக் கற்பித்தவர்கள். நாளைய நிரந்தரச் சம்பளம் இன்றைய உழைப்புக்கு ஈடாகாது. இதற்கு மேலும் ஒரு சமூகத்துக்கு மட்டும் தனிச்சலுகை ஏன் என்ற கேள்வி இரண்டாவது. குடியுரிமையைப் பறித்ததும் பள்ளிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பேற்காமல் விட்டதும் அரசின் முடிவுகள். ஆகவே இது சலுகை அல்ல, ஈடுசெய்தல். அதற்கு மேலும், உதவியைச் சமூகத்தோடு பிணைக்காமல் தோட்டப் பள்ளியில் செய்யும் சேவையோடு பிணைத்தால், அங்கே கற்பிக்க முன்வரும் எவருக்கும் அது உரியதாகும்.

கடன் கொடுத்து, சேவைக்கு ஈடாக அதைத் தள்ளுபடி செய்யலாமே என்பது இன்னொரு யோசனை. அமெரிக்கா 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின்கீழ், ஆசிரியரானோருக்கு ஆண்டுக்குப் பத்து வீதமாகக் கடனில் பாதிவரை தள்ளுபடி செய்தது. இன்று வறிய பகுதிப் பள்ளிகளில் ஐந்தாண்டு தொடர்ந்து கற்பிக்கும் குறிப்பிட்ட பாட ஆசிரியர்களுக்கு 17,500 டாலர்வரை தள்ளுபடி உண்டு. அங்கே பெருஞ்சுமை கல்விக் கட்டணம். இலங்கையின் அரச பயிற்சியில் கட்டணம் சுமையல்ல. பயிலும் மாதங்களின் சாப்பாடும் போக்குவரத்தும், வீட்டுக்கு வராமற்போன கூலியுமே சுமை. மாதக் கையிருப்பில்லாத குடும்பத்துக்குப் பின்னால் வரும் தள்ளுபடி உதவாது. உரிய நாளில் வரும் கொடுப்பனவே உதவும். கடன் தள்ளுபடி பொருந்தும் இடம் வேறு. பணியிலிருந்தபடி திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டம் பெறும் ஆசிரியர், அரச ஊழியருக்கான இடர் கடனை எடுத்தால் அது மாதந்தோறும் சம்பளத்தில் கழிகிறது. கஷ்டப் பிரதேசப் பள்ளியில் தொடர்ந்து பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தக் கல்விச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது நியாயமாகும்.

எனவே மலையகத்துக்கான எந்த ஆசிரியர் உதவித் திட்டத்தையும் எத்தனை நியமனம் வழங்கியது என்று மட்டும் அளந்தால் போதாது. பயிலும் ஒருவர் மாத இறுதிவரை கடனின்றி வாழ அந்தத் தொகை போதுமா என்பதே முதல் அளவுகோல். அதற்குக் குறைந்த தொகையை அரசு நிர்ணயிக்கும் ஒவ்வொரு முறையும், தேசத்தின் கல்விச் செலவில் ஒரு பகுதியை நாட்டின் மிகக் குறைந்த கூலி பெறும் குடும்பங்கள் செலுத்துகின்றன.