மண் பரிசோதனையின் திருப்புமுனை

பயிர்களுக்கு மண்ணின் கனிப்பொருள்கள் இன்றியமையாதன என ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் 1840 இல் வலியுறுத்தினார். ஆகவே மண்ணைப் பகுப்பாய்ந்தால் அதன் வளம் புலனாகும் என எதிர்பார்க்கப்பட்டது. அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. வன்னமிலங்களாற் கரைத்தளந்த மொத்தப் பொசுபரசு மிகுந்திருந்த நிலங்களிலும் பயிர் நலிவுற்றது. அதன் பெரும்பகுதி வேர்கள் உறிஞ்சவியலாத சேர்வைகளாக இருந்தமையே காரணமாகும்.

1894 இல் பேர்ணாட் டையர், வேர்ச்சாற்றின் அமிலத்தன்மையை ஆராய்ந்து, 1 சதவீதச் சித்திரிக் அமிலத்தை மண்ணைக் கரைக்கக் கையாண்டார். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் பார்லி வயல்களில், பொசுபேற்றுப் பசளை பெற்ற துண்டங்களையும் பெறாதவற்றையும் இம்முறை தெளிவாக வேறுபடுத்திற்று. பின்னர் 1945 இல் பிறே, கேட்ஸ் ஆகியோரும், சுண்ணாம்பு மண்ணுக்கென 1954 இல் ஒல்சன் குழுவினரும் வகுத்த முறைகள் இவ்வழியினவே.

மண்ணில் உள்ளதற்கும் பயிர் பெறுவதற்குமுள்ள இவ்வேறுபாட்டை மறந்து இடப்படும் பசளை, கமக்காரரின் பொருளை வீணாக்கி, நீர்நிலைகளையும் மாசுபடுத்தும்.