கிரிஸ் கத்தியின் வயது: அலகும் ஆவணமும்

ஜாவாவின் கிரிஸ் கத்தியைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்பது, இது எந்தக் காலத்தது என்பதுதான். கேள்வி ஒன்று, விடை ஒன்றல்ல. அலகும் பிடியும் உறையும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அலகு தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். உறை உளுத்துப்போனால் புதிது செய்துகொள்வார்கள். கத்தி பாலித் தீவுக்கோ மதுராத் தீவுக்கோ போய்ச் சேர்ந்தால், அந்த ஊர் வழக்கப்படி பிடியும் மாறும். ஆகவே உறையைப் பார்த்து அலகின் ஊரைச் சொல்வது தவறான முறை.

அலகை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல ஜாவானியரிடம் 'தங்குஹ்' என்றொரு மரபு உண்டு. இரும்பின் நிறம், தடவும்போது விரலுக்குப் படும் தன்மை, அலகின் சாய்வு, அடிப்பகுதியான 'கஞ்சா'வின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு இது பஜாஜாரன், இது மஜாபாகித், இது மாதாரம் என்று பழைய அரசுகளின் பெயரால் பிரிப்பார்கள். பல தலைமுறைகளின் கண்பயிற்சி அதில் சேர்ந்திருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது பாணியின் பெயர், ஆண்டுக் கணக்கு அல்ல. மஜாபாகித் பாணியைப் பின்னாளில் வந்த எம்புவும், அதாவது கிரிஸ் கொல்லரும், வடிக்க முடியும். இந்த வேறுபாட்டை மறக்கும் விற்பனைப் பட்டியல்கள்தாம் குழப்பத்தை வளர்க்கின்றன.

தேய்மானமும் ஏமாற்றும். எலுமிச்சைச் சாறும் 'வாரங்கன்' என்னும் ஆர்செனிக் கனிமமும் கொண்டு அலகைக் கழுவும் சடங்கு ஒவ்வொரு முறையும் இரும்பைச் சிறிது அரிக்கும். அடிக்கடி கழுவிய பிற்கால அலகு, பேணிக் காத்த பழைய அலகைவிட மெலிந்து நிற்கக்கூடும். எஃகில் உள்ள கரியைக் கொண்டு கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு செய்யலாம்தான். அதற்கு அலகிலிருந்து துண்டு வெட்ட வேண்டும், பழைய இரும்பை உருக்கிச் சேர்த்திருந்தால் விடையும் கலங்கிவிடும்.

'பாமோர்' எனும் வெண்கோடுகள் ஓரளவு உதவும். அவற்றுக்கு வெண்மை தருவது பெரும்பாலும் நிக்கல். சுலவேசியின் லூவு பகுதி இரும்பு அதற்குப் பெயர்பெற்றது. ஜாவாவில் பிரம்பானன் அருகே விழுந்த விண்கல், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் இரும்பும் அலகுகளில் சேர்ந்தது. ஆலைகளில் பிரித்த தூய நிக்கல் அதற்கும் பிறகே வந்தது. அது இருக்கும் அலகை மஜாபாகித் காலத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

உறுதியான கணக்குக்கு அலகுக்கு வெளியே சான்று வேண்டும். ஜாவாவில் உள்ள 15ஆம் நூற்றாண்டின் சுகுஹ் கோயில் சிற்பத்தில் பீமன் கொல்லனாக ஆயுதம் வடிக்கிறான், அர்ஜுனன் துருத்தி இயக்குகிறான். வடித்த ஆயுதங்களுக்கிடையே கிரிஸும் தெரிகிறது. சார்ல்ஸ் க்னாட் என்ற டச்சுக்காரருக்கு ஜாவானிய இளவரசர் ஐந்தாம் பாகு ஆலம் அளித்த கிரிஸில் சகம் 1264, அதாவது கி.பி. 1342 என்ற ஆண்டு உள்ளது. இராமாயணக் காட்சிகள் கொண்ட மெல்லிய செப்புத் தகடு அதன் அலகைப் போர்த்தியிருக்கிறது. அந்த ஆண்டு தகட்டு வேலைக்கு உரியது என்று கொள்வதே பொருத்தம். உள்ளிருக்கும் இரும்பு அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம்.

டச்சுக்காரரை எதிர்த்து ஜாவாப் போரை நடத்திய இளவரசர் திபோநகோரோவின் கிரிஸை நெதர்லாந்து 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தது. லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அதை அடையாளம் காட்டியவை அக்கால ஆவணங்கள்: கத்தி கைமாறியதற்கு இளவரசரின் படைத்தலைவர் செந்தோத் எழுதித் தந்த சான்றும், 'நாகா சிலுமான்' என்ற பெயரை விளக்கி ஓவியர் ராடன் சாலே எழுதிய குறிப்பும். ஆயினும் அலகின் வடிவம் அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை என்று இந்தோனேசியாவில் ஐயம் எழுந்தது. இரு தரப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. காகிதம் உரிமையாளரைச் சொல்கிறது. கத்தி யார் கையில் இருந்தது என்பதற்கு அதுவே வலிய சான்று. அலகு வடிக்கப்பட்ட காலத்தை அந்தக் காகிதத்தில் தேட முடியாது. அதைத் தனியே ஆராய வேண்டும்.