லால்பாக்: வாள் ஏந்திய கைகள் நட்ட தோட்டம்

பெங்களூர் மாநகரின் தென்பகுதியில் சுமார் 240 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடப்பது லால்பாக் பூங்கா. அதன் வரலாற்றை எழுதுவோர் பலரும் அதனை இரு கூறாக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அமைத்தது அரசர்தம் உல்லாசத் தோட்டம் என்றும், ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னரே அது தாவரவியல் பூங்காவாயிற்று என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு நாம் ஆராய்வோம்.

'பாக்' என்பது தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். அரபி மொழி தோட்டத்தை 'ஹதீகா' என்றும் 'புஸ்தான்' என்றும் வழங்கும். சுவர் சூழ்ந்த தோட்டம் என்பது முன்னதன் பொருள். பின்னது பாரசீகத்திலிருந்து அரபிக்குச் சென்ற சொல்; மணம் கமழும் இடம் என்பது அதன் மூலப் பொருளாகும். இவ்விரு சொற்களும் இன்பத்தையும் காவலையும் மட்டுமே சுட்டுவன போலத் தோன்றலாம். ஆனால் முஸ்லிம் நாடுகளின் தோட்டங்களில் கல்வியும் வளர்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்தூபா நகரை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான், தம் ருஸாஃபா தோட்டத்தில் சிரியாவிலிருந்து வந்த மாதுளையை வளர்க்கச் செய்தார். 11ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரின் இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் இப்னுல் அவ்வாமும் மண், நீர், ஒட்டுக்கட்டுதல் ஆகியவை பற்றி விரிவான நூல்களை இயற்றினர். பிற நாட்டுச் செடியைத் தம் நாட்டு மண்ணுக்குப் பழக்குதல் என்பது இம்மரபின் உயிர்நாடியாகும்.

அம்மரபு மொகலாயர் வழியே தக்காணத்தையும் அடைந்தது. மொகலாயரின் மாகாணத் தலைநகராக விளங்கிய சீராவில் இருந்த தோட்டமே லால்பாக்கிற்கு முன்மாதிரி என்பர். 1759இல் பெங்களூரை ஜாகீராகப் பெற்ற ஹைதர் அலி, அடுத்த ஆண்டிலேயே இத்தோட்டத்தைத் தொடங்கினார். அப்போது அதன் பரப்பு 40 ஏக்கர் அளவினது. பெங்களூரில் தோட்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற திகளர் சமூகத்தார் தமிழ் நிலத்திலிருந்து சென்று குடியேறியவர்கள் என்பது மரபுச் செய்தி. இத்தோட்டத்தின் வரலாற்றோடு அவர்தம் உழைப்பும் இணைத்துப் பேசப்படுகின்றது.

1782இல் ஹைதர் மறைந்தபின் திப்பு சுல்தான் இப்பணியைத் தொடர்ந்தார். அவர் காலத்தில் போர் ஓயவில்லை; 1791இல் பெங்களூர்க் கோட்டையே கார்ன்வாலிஸ் கைக்குச் சென்று மீண்டது. இத்தகைய நெருக்கடிகளுக்கு இடையிலும் செடிகளின் மீது அவர் கொண்ட நாட்டம் குறையவில்லை. 1788இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் அவைக்குச் சென்ற அவருடைய தூதர்கள் படைத்துணையை மட்டும் வேண்டினாரல்லர். கைவினைஞரையும் தோட்டக்காரரையும் விதைகளையும் செடிகளையும் வேண்டினர். உல்லாசம் ஒன்றையே கருதியவர், நாட்டின் உயிர்ப்பிரச்சினையைப் பேசச் சென்ற தூதரிடம் விதையையும் கேட்டுவரச் சொல்லியிருப்பாரா என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்கு எதிர்தரப்புச் சான்றும் உண்டு. திப்பு வீரமரணம் எய்திய மறு ஆண்டு, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்வையிட்டவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர். தாவர இயலிலும் வல்லவரான அவர், தந்தையும் மகனும் அமைத்த தோட்டங்களை நேரில் கண்டு எழுதியுள்ளார். நடைபாதைகளால் பிரிக்கப்பட்ட சதுரப் பாத்திகளையும், பாதையோரங்களில் நின்ற அழகிய சைப்ரஸ் மரங்களையும் அவர் குறிப்பிடுகின்றார். ஒவ்வொரு வகைச் செடிக்கும் தனித்தனி நிலம் ஒதுக்குவது முஸ்லிம்களின் முறை என்றும், ரோஜாவுக்கு ஒரு பாத்தி, மாதுளைக்கு ஒரு பாத்தி என இருந்ததென்றும் கூறுகின்றார். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த மரக்கன்றுகளும் அங்கு இருந்தன. ஹைதரின் தோட்டத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து நீர் தானே பாய்ந்தது. திப்புவின் தோட்டத்துக்கு மூன்று கிணறுகளிலிருந்து எருதுகள் பூட்டிய கபிலையால் நீர் இறைக்கப்பட்டது.

இனத்துக்கு ஒரு பாத்தி, அயல்நாட்டுக் கன்றுகளுக்கு இடம், வறண்ட நிலத்தில் முறையான பாசனம் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தை வெறும் உல்லாசத் தோட்டம் என்று ஒதுக்குதல் நடுநிலையாகாது.

அதே நடுநிலை, பின்வந்தோர் பணியையும் மறைக்க இடந்தராது. கம்பெனி அதிகாரியான மேஜர் வாவின் பொறுப்பிலிருந்த தோட்டம் 1819இல் அவரால் கவர்னர் ஜெனரலுக்கு வழங்கப்பட்டுக் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் மேற்பார்வைக்குச் சென்றது. 1856இல் அது அரசின் தாவரவியல் பூங்காவாயிற்று. இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயின்ற வில்லியம் நியூவும், 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரனும் செடிகளுக்கு அறிவியற் பெயரிட்டு வகைப்படுத்தும் பணியை வளர்த்தனர். பிற நாட்டுப் பூங்காக்களோடு விதைகளைப் பரிமாறிக்கொண்டனர். புகழ்பெற்ற கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அம்மாளிகை 1935இல் விரிவாக்கப்பட்டபோது மைசூரின் திவானாக இருந்தவர் மிர்ஸா இஸ்மாயில். ஜெர்மானியரான கிரும்பிகலும், அவருக்குப் பின் ஜவராயா, மரிகௌடா ஆகிய கன்னட நாட்டு அறிஞரும் தோட்டத்தை மேலும் செழிக்கச் செய்தனர்.

குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டிக் கண்ணாடி மாளிகையில் நடைபெறும் மலர்க் கண்காட்சியைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். தோட்டத்தினுள் உள்ள பாறைக்குன்று சுமார் 300 கோடி ஆண்டுப் பழைமையுடையது. தேசிய நிலவியல் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அதன் உச்சியில் கெம்பே கௌடா பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கின்றது. தெற்கே ஏரியும், ஆங்காங்கே முதிர்ந்த பெரு மரங்களும் உள்ளன.

திப்புவைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அவருடைய வாளைப் பற்றியே பேசுகின்றனர். அவர் அனுப்பிக் கேட்ட விதைகளைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரும் திப்புவும் அடங்கியுள்ள கும்பஸுக்குச் சென்று ஸியாரத் செய்வோர், அதுவும் லால்பாக் என்ற பெயருடைய தோட்டத்தினுள்ளேயே அமைந்திருப்பதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். செல்லும் வழியில் பெங்களூர்த் தோட்டத்தில் ஒரு நாழிகை தங்கி, அங்குள்ள முதிய மரங்களையும் பார்த்துவருவார்களாயின் அச்சுல்தான்களை அவர்கள் முழுமையாக அறிந்தோராவர்.