முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது



மின்சாரச் சிக்கனம் என்றாலே "லைட்டை அணையுங்கள், ஃபேனை அணையுங்கள்" என்ற அறிவுரைதான் நம் காதில் விழுந்திருக்கிறது. அது தெரியாதவர் யாரும் இங்கே இல்லை. அதனால் இந்த இதழில் அறிவுரைக்குப் பதில் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். வீட்டு அடுப்பையும் விளக்கையும் ஆடிட்டரின் கண்ணோடு பார்த்த ஒரு தமிழரின் வரலாறு அது. நான் பி.காம். படித்து, பேங்கில் பேரேட்டோடு குப்பை கொட்டியவன். அதனாலோ என்னவோ, அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அவர்தான் ஜே.சி. குமரப்பா. 1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று சிராகூஸிலும் கொலம்பியாவிலும் படித்தார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்ததும் கோட்டும் டையும் போய்க் கதர் வந்தது. 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்க்க அவரைத்தான் அழைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரும் அவரே.

சிறையில் இருந்தபோது அவர் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூல் 1945இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வந்தது. இயற்கை வளத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை. வெயில், ஓடும் நீர், காற்று, அளவோடு வெட்டி வளர்க்கும் மரம் ஆகியவை மறுபடி மறுபடி வருபவை. முதல் வகையைத் தேக்கம் என்றும், இரண்டாவதை ஓட்டம் என்றும் கொண்டார்.

நம் பாஷையில் சொன்னால், முதல் வகை ஃபிக்சட் டெபாசிட், இரண்டாவது வகை அதில் மாதாமாதம் வரும் வட்டி. வட்டியில் குடும்பம் நடத்துபவர் பிழைத்துக்கொள்வார். டெபாசிட்டை உடைத்து உடைத்துச் சாப்பிடுபவர் கதை என்ன ஆகும் என்பதைப் பென்ஷன்தாரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குமரப்பா வெறுமனே எழுதிவிட்டுப் போகவில்லை. அந்தச் சங்கம் இயங்கிய இடம் வார்தாவில் உள்ள மகன்வாடி. (நம் 'மகன்' அல்ல, மகன்லால் காந்தியின் பெயர்.) மண்ணெண்ணெய் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கும் சரக்கு, தாவர எண்ணெய் ஊரிலேயே விளைவது. ஆகவே தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீப்' என்ற விளக்கை அங்கே உருவாக்கினார்கள். விறகை மிச்சப்படுத்திப் புகையை வெளியேற்றும் 'மகன் சூலா' என்ற அடுப்பும் அங்கே பிறந்ததுதான்.

அடுப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? மூன்று கல்லைக் கூட்டி விறகு எரித்தால், வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும். மீதி காற்றோடு போகும், புகை அம்மாவின் நெஞ்சுக்குள் போகும். சிறுமலைப் பக்கமிருந்து தலைச்சுமையாக விறகு வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தச் சுமையில் பத்தில் ஒன்பது பங்கு வீணுக்குச் சுமந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் எஸ்.பி. ராஜுவும் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை உருவாக்கினார். அதைப் பற்றிய அவருடைய சிறு நூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. பிறகு 1980களில் மத்திய அரசே புகையில்லா அடுப்புத் திட்டத்தைக் கையில் எடுத்தது. நாடு முழுக்கச் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டியதாகக் கணக்கு. ஆனால் 2002இல் மத்திய அரசு அத்திட்டத்தை நிறுத்திக்கொண்டது.

காரணம் நமக்கும் பாடம். இலக்கை எட்ட அவசர அவசரமாகக் கட்டிய அடுப்புகள் பல. வீட்டுப் பாத்திரத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருந்தாதவை பல. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் யார் சுத்தம் செய்வது என்று சொல்லித் தரப்படாதவை இன்னும் பல. கட்டியதைக் கணக்கில் எழுதினார்கள், எரிகிறதா என்று எல்லா இடத்திலும் போய்ப் பார்க்கவில்லை. சேமிப்புக் கருவியை வாங்கிவிட்டாலே சேமிப்பு வந்துவிடாது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். சென்னை நகரத்துக்கு 1909 முதலே அனல் மின்சாரம் இருந்தது. ஆனால் சென்னை மாகாணத்தின் பெரிய மின் திட்டங்கள் தண்ணீரை நம்பியே தொடங்கின. பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல் வந்தன. மூன்றும் மழை கொடுத்த வட்டி. 1962இல் நெய்வேலி அனல் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை என்று அனல் நிலையங்கள் வந்தன. தேவை பெருகியதால் வேறு வழியும் இல்லை. ஆனாலும் கணக்குப்படி அன்றிலிருந்து நாம் டெபாசிட்டை உடைக்க ஆரம்பித்தோம்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது பீப்பாய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையில் நின்ற தலைமுறை எங்களுடையது. அதன் விளைவாக எரிபொருள் சிக்கனம் அரசின் கவலையாயிற்று. இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய 'நூதன்' திரி ஸ்டவ் குறைந்த மண்ணெண்ணெயில் அதே சமையலைச் செய்தது.

2012ஆம் ஆண்டை நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், விசைத்தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்த நெசவாளர்கள், கைக்குழந்தைக்கு இரவெல்லாம் விசிறிய தாய்மார்கள் என எல்லாரும் பட்ட பாடு அது. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினோம். இன்வெர்ட்டர் மின்சாரம் தயாரிப்பதில்லை, வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரும்போது ஒரு பங்கை அதுவே கமிஷனாக எடுத்துக்கொள்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. 2014இல் நீல எல்.இ.டி. கண்டுபிடிப்புக்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். 2015 ஜனவரியில் மத்திய அரசின் எல்.இ.டி. விநியோகத் திட்டம் தொடங்கியது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலை மளமளவென்று இறங்கியது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் பல்பு தருகிறது.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. 75 வாட் பழைய ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67.5 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே நேரம் ஓடினால் 27 யூனிட். ஒரு ஃபேனில் மட்டும் 40 யூனிட் மிச்சம். இது யாருக்குப் பெரிது? 500 யூனிட் எல்லையில் இருப்பவருக்குப் பெரிது. 2024 ஜூலைக் கட்டண விகிதப்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,805. அதுவே 510 யூனிட் ஆனால் ரூ.2,170. பத்து யூனிட்டுக்கு 365 ரூபாய்! எல்லையைத் தாண்டியதும் கீழ்ப்படிச் சலுகை போய்விடுவதால் வரும் வித்தியாசம் இது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வரும்வரை காத்திராமல், வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பணம் மட்டுமல்ல விஷயம். அனல் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அந்த நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து ரயிலில் பாராதீப், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி என்று பயணம் செய்து வருகிறது. ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 28 கிலோ நிலக்கரி தப்பிக்கும்.

அடுத்தது கூரை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டு சோலாருக்கு ரூ.78,000 மானியம். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களின் பொது மோட்டார், பொது விளக்குகளுக்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 உண்டு. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். குமரப்பா சொன்ன ஓட்டம் இதுதான், தினமும் காலையில் வந்து விழும் வட்டி. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: பலகையில் படியும் தூசியை மாதாமாதம் யார் கழுவுவது? அந்தப் பெயரையும் தேதியையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவோம். மூன்றரைக் கோடி அடுப்புகள் சொல்லித்தந்த பாடம் அது.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் ரயிலில் போகும்போது அம்பாத்துரையில் மக்கள் திரண்டு நின்றார்கள். அடுத்த ஆண்டே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் இங்கே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரைக்கு அப்பால் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார். இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்த ஆடிட்டர் அவர். அவருடைய கணக்கை நம் தெருவில் நாம் சரிபார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

இந்த வாரம் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த இதழுக்குள் யார் வீட்டில் எத்தனை யூனிட் குறைந்தது என்று சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு ஐந்தொகை போட்டுப் பார்த்துவிடலாம்.