இரண்டே முக்கால் ஏக்கர் போர்வையும் அரைச்சாண் குல்லாவும்

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுகிற வழக்கம் கிடையாது. தாத்தாவின் பழைய வேட்டியையும், பாட்டி உடுத்தி உடுத்தி நைந்துபோன நூல்சேலையையும் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருப்பார்கள். மருத்துவச்சி குழந்தையைக் கையில் ஏந்தியதும் அந்தத் துணியில்தான் சுற்றுவாள். பிறப்பதற்கு முன்னால் சட்டை தைத்து வைப்பதைப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு பிஞ்சு உடம்பில் உரசும், பழைய துணி தண்ணீர் போல் படியும் என்பது அனுபவம் சொன்ன நியாயம்.

அப்படியிருக்க, இன்று தொட்டில் போடுகிற நாளில் அத்தைமார் கொண்டுவரும் ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் எங்கிருந்து வந்தன? பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தக் கேள்வி நெடுநாள் கேள்வி. எனக்குக் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "இது எங்க ஊர் வேலைம்மா" என்று பெருமையாகச் சொல்வார். அவர் சொன்னதில் பாதி வரலாறு இருக்கிறது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தது 1819-ல். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்காக விடுதிப் பள்ளி நடத்தினார். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. உருண்டைத் தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. கண்ணும் விரலும் கொஞ்சமும் அசரக்கூடாது. அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள் உண்டு. லேஸ் விற்ற காசைச் சேர்த்து எசமானிடம் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காசின் கனம் புரியும்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே கால்டுவெல். கணவர் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். தேரிக்காட்டு மணலில் பெண்பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து லேஸ் கற்றுக்கொடுத்த மனைவியின் பெயரையும் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாவது எழுதவேண்டும் என்பது என் ஆசை.

இந்த லேஸை உடுத்தியவர்கள் யார்? கழுத்துப்பட்டையும் கைக்குட்டை ஓரமும் குழந்தைக் கவுனின் விளிம்பும் வெள்ளைக்காரர் வீடுகளுக்கே போயின. தோளை மூடத் துணி போட்டதற்காகத் திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அடிபட்ட காலம் அது. தோள்சீலைப் போராட்டம் ஓரளவுக்கு ஓய்ந்தது 1859-ம் ஆண்டு அரசாணைக்குப் பிறகுதான். பிறர் சட்டைக்கு அழகு சேர்த்த கைகளுக்குத் தங்கள் தோளில் ஒரு முழத் துணி போட உரிமை இல்லை. தையல் வகுப்பில் இதை நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

குரோஷாவின் கதையும் இதிலிருந்து தள்ளி இல்லை. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீ மடங்களில் ஏழைப் பெண்களுக்கு ஒற்றைக் கொக்கி ஊசியைக் கொடுத்துப் பின்னச் சொன்னார்கள். கஞ்சிக்கு வழி செய்த வேலை அது. ஏறத்தாழ அதே காலத்தில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிக் கரையின் நரசாபுரத்திலும் மிஷனரிகள் வழியாகக் குரோஷா வேர்விட்டது. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் 1982-ல் எழுதிய புத்தகம் பிரபலமானது. வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்கப் பின்னினாலும் அவர்களை 'சும்மா இருக்கிற பெண்கள்' என்றே கணக்கில் வைத்தார்கள், லாபம் ஏற்றுமதி வியாபாரிகளுக்குப் போனது என்று அவர் காட்டினார். லேஸிலும் சரி, குரோஷாவிலும் சரி, நூறு வருஷத்துக்கும் மேலாக நம் பெண்கள் பின்னியது கடல்தாண்டி இருந்தவர்களுக்கு. நம் குழந்தைக்கு என்று பின்ன ஆரம்பித்தது வெகு பிற்பாடுதான். பள்ளித் தையல் வகுப்பு, பெண்கள் பத்திரிகைகளின் பின்னல் பக்கம், மலிவாக வந்த அக்ரிலிக் நூல் மூன்றும் சேர்ந்து அந்த ஊசியை நடுத்தர வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தன.

நம் சனத்துக்காக நம் பெண்கள் பின்னியதில் ஊரே பார்த்த சம்பவம் 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய சிறு போர்வைகளை ஒன்றோடொன்று இணைத்து, 11,148.5 சதுர மீட்டரில் உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு நெல் போட்டுத் தரும் நிலம். பாட்டிகளும் ஐடி வேலைக்குப் போகிற பெண்களும் வெளிநாட்டில் இருக்கிற நம் பெண்களும் சேர்ந்து போட்ட கண்ணிகள் அவை. அளந்து முடித்ததும் இணைப்பைப் பிரித்துப் போர்வைகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்குச் சாதனையைவிட அந்தப் பிரிப்புதான் பெரிது. முந்தைய மாதம்தான் வெள்ளம் சென்னையையும் செங்கல்பட்டுச் சீமையையும் புரட்டிப் போட்டிருந்தது.

தானமாகப் பின்னுவதும் குழந்தைக்குத் துணி கொடுப்பதும் மற்ற நாடுகளிலும் பழகிய வழக்கம். அமெரிக்காவின் கொலராடோவில் 1995-ல் கேரன் லவுக்ஸ் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்' நோயுற்ற குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வை கொடுக்கிறது. பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசே குழந்தைத் துணிப்பெட்டி கொடுத்துவருகிறது. நம் மாநிலத்தில் 2015 செப்டம்பரில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். அந்த லேகியத்தைச் சேர்த்தவர் யாரோ, அவருக்குப் பிள்ளைபெற்ற வீடு தெரிந்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்றபின் என்னிடம் தையல் கற்ற சில பெண்களோடு சேர்ந்து குழந்தைப் போர்வை பின்ன ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "ஏன்க்கா, வெந்து சாகிற நம்ம ஊர்ல கம்பளி எதுக்கு?" நியாயமான கேள்வி. எங்கள் ஊரான வேடந்தாங்கலில் மார்கழிப் பனி ஏரிக்கரையில் இறங்கும்போதுகூட நமக்கு ஒரு துப்பட்டி போதும். ஆனால் பனிக்குடத்து ஈரத்தோடு வெளியே வரும் சிசுவின் கணக்கு வேறு. அதன் உடல்சூடு 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிற்கவேண்டும். நாம் மின்விசிறி போட்டுக்கொள்ளும் அறையில் அது குளிர்ந்துபோகும். 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்ததென்றால் தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக இருக்கும், இன்னும் சீக்கிரம் சூடு இழக்கும். அதன் உடம்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலை. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியதும் தலையைத் துணியால் கட்டு என்று பாட்டிமார் விரட்டியதற்கு இதுதான் காரணம்.

1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கக் கௌல் என்னும் உறுதிச்சீட்டு வாங்கிய ஊர் எங்களுடையது. கூட்டில் இருக்கும் குஞ்சு மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி போடமாட்டோம். எனவே பச்சிளங்குழந்தைக்குக் குளிரும் என்று சொன்னதை எங்கள் பெண்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

போர்வைகளை ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த செவிலியர் ஒன்றை விரித்துப் பார்த்தார். விரலை விட்டார். சிப்பிப் பின்னலின் ஓட்டையில் சுண்டுவிரல் நுழைந்தது. "டீச்சரம்மா, குழந்தை விரல் இதுல மாட்டும். உதிரி நூல் ஒண்ணு விரலைச் சுத்திக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும். போர்வை மூஞ்சி மேல விழுந்தாலும் ஆபத்து. எங்களுக்குக் குல்லா கொடுங்க, நிறையக் கொடுங்க" என்றார். அங்கே தாய்மார்கள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் அவர்கள் நெஞ்சோடு நெஞ்சாக, வெறும் நாப்கினோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தலையில் மட்டும் குல்லா, காலில் காலுறை.

கங்காரு பராமரிப்பு என்று சொல்லும் இந்த முறையை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கினார். இன்குபேட்டர் போதாததால் தாயின் உடம்பையே நம்பினார். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வு, எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே இப்படிச் சேர்த்தணைத்தால், உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து தொடங்குவதைவிட, இறப்பு கால்பங்கு குறைகிறது என்று கண்டது. தாய் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும்போது போர்வைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தாயோடு சேர்த்துக் கட்டியபின் வெளியே தெரிவது பெரும்பாலும் தலைதான்.

அன்றிலிருந்து நாங்கள் குல்லாதான் பின்னுகிறோம். பெரிய போர்வைக்கு இருக்கிற மதிப்பு இதற்குக் கிடைக்காது. மேடையில் விரிக்க முடியாது, புகைப்படத்தில் தெரியாது. ஆனாலும் இந்தக் கலை இந்த மண்ணுக்கு வந்ததன் முழுப் பலன் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். பின்னுகிறவளும் இந்த ஊர்க்காரி, அதைப் போட்டுக்கொள்வதும் இந்த ஊர்ப் பிள்ளை.

செய்ய விரும்புகிறவர்களுக்கு அளவு சொல்கிறேன். பருத்தி நூல், 3 மில்லிமீட்டர் ஊசி. ஆஸ்பத்திரியில் கொதிநீரில் போடுவார்கள், அக்ரிலிக் உருக்குலைந்துவிடும். நூலை வளையமாக்கி அதற்குள் பத்து அரை ட்ரெபிள் போட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பத்தாகக் கூட்டி, ஐந்தாவது சுற்றில் ஐம்பது கண்ணிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கூட்டாமல் நேராகப் போய், உச்சியிலிருந்து அரைச்சாண் வந்ததும் முடியுங்கள். சுற்றளவு 28 சென்டிமீட்டர் வந்தால் இரண்டு கிலோ குழந்தைக்கு இழுத்துப் பிடிக்கும். இரண்டு ஊசிப் பின்னல் தெரிந்தவர்கள் அதிலேயே போடலாம், இன்னும் நன்றாக இழுத்துக்கொடுக்கும். பூ, பொத்தான், ரிப்பன், ஜரிகை எதுவும் வேண்டாம். நூல் நுனியை இரண்டு திசையிலும் உட்பக்கமாக ஓட்டி ஓட்டி மறைத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் வாசனை சோப்புப் போடாமல் துவைத்து, வெயிலில் காயவையுங்கள். முதலில் அந்தப் பிரிவின் செவிலியரிடம் எத்தனை வேண்டும், எந்த அளவு வேண்டும் என்று கேட்டுவிட்டு நூல் வாங்கப் போங்கள்.